மேஸ்திரியோட வீடு கண்காட்சிக்குப் போன கதை

அல்சூர் ஏரிக்கரையில இருந்து பரேடு மைதானம் வரைக்கும், பெரிய மனுஷங்க காரெல்லாம் வரிசையா போற ரோட்டுல, வீடு மாதிரி பெரிய வண்டி ஒண்ணை ஒத்தைக் கையால ஓட்டிட்டுப் போனவன் நான்.

பொய். ஓட்டல. தள்ளினேன். ஒத்தைக் கையும் இல்ல. ரெண்டு கை, ஒரு தோளு, ட்ரினிட்டி சர்ச் மேட்டுல தலையையும் குடுத்தேன். என் தலைக்கு அதுவரைக்கும் வேற வேலை இருந்ததில்ல.

இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஞாயித்துக்கிழமையை நினைச்சா முதல்ல எனக்குக் கொட்டாவிதான் வருது. அதுக்கப்புறம்தான் ஹேண்டில் மேஸ்திரி.

கண்டோன்மெண்டுக்கு வந்தவங்க, போனவங்க, இங்கேயே பொறந்து செத்தவங்க, அத்தனை பேர்லயும் மனுஷனை வாடா போடான்னும் மோட்டாரை வாங்க போங்கன்னும் கூப்பிட்ட ஒரே ஆளு மேஸ்திரிதான். அவரோட சொந்தப் பேரு யாருக்கும் தெரியாது. அப்பல்லாம் காருக்கு முன்னாடி ஒரு ஓட்டை இருக்கும். அதுல இரும்பு ஹேண்டிலை விட்டு சுத்தினாதான் இஞ்சினுக்கு உயிரு வரும். பெங்களூர் மார்கழிக் குளிர்ல கவர்னர் காரா இருந்தாலும் கல்லு மாதிரி கெடக்கும். மேஸ்திரி விடியக்காலையில ஹேண்டிலைத் தோள்ல சாத்திக்கிட்டு பங்களா பங்களாவா போவாரு. செருப்பைக் கழட்டி ஓரமா விடுவாரு. பானெட்டு மேல கையை வச்சு, "எழுந்திருங்கம்மா, பொழுது விடிஞ்சிடுச்சு"ம்பாரு. ரெண்டு சுத்து. அவ்வளவுதான், கார் பேச ஆரம்பிச்சிடும்.

ஒரு நாள் ஒரு வக்கீல் அய்யா, கார் கிளம்பலைன்னு கோவத்துல, "சனியன்!"னு சொல்லி சக்கரத்தை ஒரு உதை விட்டாரு. மேஸ்திரி ஹேண்டிலை உருவித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"மன்னிப்பு கேளுங்க."

"உன்கிட்டயா?"

"என்கிட்ட எதுக்கு? அவங்ககிட்ட."

வக்கீலுக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டு. கடிகாரத்தைப் பார்த்தாரு, மேஸ்திரியைப் பார்த்தாரு, யாராவது பார்க்கறாங்களான்னும் பார்த்தாரு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். கடைசியில காரைப் பார்த்து இங்கிலீஷ்ல என்னமோ முணுமுணுத்தாரு. மேஸ்திரி தலையை ஆட்டினாரு. "இவங்க கோயமுத்தூர்ல வளர்ந்தவங்க சார். தமிழ்ல சொல்லுங்க."

சொன்னாரு. வண்டி கிளம்பிச்சு.

மனுஷங்க விஷயம் வேற. எனக்கு அல்சூர் பஜார் முனையில பஞ்சர் கடை. அதனால மேஸ்திரிக்கு நான் 'ட்யூபு'. ஒரு தடவை எனக்கு மூணு நாளு காய்ச்சல். வந்து பார்த்தாரு. "காத்து எறங்கியிருக்கும், தானா சரியாயிடும்"னு சொல்லிட்டு, என் மேல இருந்த கம்பளியை உருவிக்கிட்டுப் போயிட்டாரு. டாக்டரம்மா வண்டியோட பேட்டரிக்குக் குளிருதாம்.

அந்த வண்டிதான் கதை. டாக்டரம்மா ஏரிக்கரைக்குப் பின்னாடி பெரிய காம்பவுண்டுல தனியா இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு, வெள்ளைக்காரன் மூட்டை கட்டின வருஷம், ஊருக்குப் போற ஒரு தொரைகிட்ட வாங்கின வண்டி அது. லாரி மாதிரி மூஞ்சி, பின்னாடி தேக்குமரத்துல ஒரு வீடு. உள்ள கட்டில், அலமாரி, ஸ்டவ் வைக்க மேடை, ஜன்னலுக்குத் திரை. எந்தக் கம்பெனி வண்டின்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, அந்த வெக்கக்கேட்டுக்கு அப்புறம் வர்றேன். அதுல காஷ்மீர் வரைக்கும் போகணும்னு அவரு வாங்கினாரு. ஒயிட்ஃபீல்டு வரைக்கும் போனாங்க. பிளம்ஸ் பழம் வாங்கிட்டுத் திரும்பிட்டாங்க. அடுத்த வருஷம் அவரு போய்ச் சேர்ந்துட்டாரு.

வண்டி ஷெட்டுல நின்னுடுச்சு. வாரத்துக்கு ஒரு தடவை இஞ்சினைச் சுத்திவிட மேஸ்திரி வந்தாரு. மழை நாள்ல உள்ள ஒதுங்கினாரு. அப்புறம் அங்கேயே ஒரு பாயைப் போட்டாரு. எப்ப குடிவந்தாருன்னு அவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கல்யாணமும் இல்ல, குட்டியும் இல்ல. பன்னெண்டு வருஷம் அதுதான் அவருக்கு வீடு.

ஒரு நாள் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டாங்க. "மேஸ்திரி, ஷெட்டை இடிச்சு ரெண்டு ரூம் கட்டலாம்னு இருக்கேன். குஜிரிக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன், பழைய இரும்புக்கு எடுத்துக்கறாரு. உங்களுக்கு வேற எடம் பார்த்துத் தர்றேன்."

மேஸ்திரி சட்டைப் பையில இருந்து ஒரு நோட்டீஸை எடுத்தாரு. பரேடு மைதானத்துல பழைய கார் கண்காட்சி, நல்ல வண்டிக்கு வெள்ளிக் கப்பு. "கப்பு வந்தா, அம்மா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கப்பு வந்தா வச்சுக்கறேன். இல்லைன்னா திங்கக்கிழமை குஜிரிக்காரர்."

என் கடைக்கு வந்து எல்லாத்தையும் சொன்னாரு. நான்தான் சமாதானம் சொன்னேன். "வேற எடம் தர்றாங்கல்ல மேஸ்திரி? நீங்க ஒரு ஆளு, எங்க வேணா படுத்துக்கலாம்."

"என்னை விடுடா. சம்மட்டியால உடைப்பாங்கடா அவங்களை."

அந்த மாதிரி நேரத்துல நான் எதுவும் பண்ணாம இருந்தா ஊருக்கே நல்லது. ஆனா நான் உதவி பண்ணினேன்.

சனிக்கிழமை மேஸ்திரி ப்ளக்கு தேடி சிட்டி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாரு. நானும் போர்டு எழுதற அந்தோணியும் வண்டியை ஷெட்டுக்கு வெளிய தள்ளிப் பார்த்தோம். தேக்குக் கட்டை கருத்துப்போய், வார்னிஷ் உரிஞ்சு, பித்தளை எழுத்தெல்லாம் பச்சை புடிச்சு, பார்க்கவே பாவமா இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு ஒரு கைவண்டியைக் கூட நாங்க பெயிண்ட் அடிக்காம விட மாட்டோம். கப்பு வாங்கப் போற வண்டியை இப்படியா அனுப்பறது? மாதா கோயில் கேட்டுக்கு அடிச்சு மீந்த நீலம் அந்தோணிகிட்ட ஒரு டின்னு இருந்துச்சு. அடிச்சோம். மரத்துக்கு நீலம், சக்கரத்துக்கு வெள்ளி. பித்தளை எழுத்து மேலயும் அடிச்சோம். கம்பெனி பேரு அங்கதான் இருந்துச்சு, இப்ப புரியுதா? முன்கண்ணாடிக்கு சந்தனப் பொட்டு, பம்பருக்கு ரெண்டு வாழைக்கன்னு, சாமந்தி மாலை. அடிச்சு முடிக்கறப்ப தூறல் போட்டுச்சு.

மேஸ்திரி சாயங்காலம் வந்தாரு. வண்டியை மூணு தடவை சுத்தி வந்தாரு. நானும் அந்தோணியும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நின்னோம்.

"காஞ்சிடுமாடா?"ன்னு மட்டும் கேட்டாரு.

"காலையில காஞ்சிடும் மேஸ்திரி!"

காயல.

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு மேஸ்திரி செருப்பைக் கழட்டினாரு, கெஞ்சினாரு, சுத்தினாரு. இஞ்சின் ஒரு தும்மல் போட்டு நிறுத்திக்கிச்சு. "நேத்து நனைஞ்சிட்டாங்க, உடம்பு சரியில்ல. மைதானம் வரைக்கும் தள்ளிட்டுப் போவோம், வாசல்ல எழுந்துப்பாங்க"ன்னாரு. நானும் அந்தோணியும் பின்னாடி, மேஸ்திரி உள்ள உட்கார்ந்து ஸ்டியரிங் புடிச்சாரு. ஆளில்லாம போனா அவங்களுக்கு அவமானமாம்.

பஜார் தாண்டறதுக்குள்ள நான் நீலமாயிட்டேன். மேட்டுல அந்தோணி ஜெபம் பண்ண ஆரம்பிச்சான். பின்னாடி வந்த ஜட்காக்காரன், "என்னா இது, யாரு வீடு காலி பண்றாங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்ல மூச்சு இல்ல. எட்டரை மணிக்கு மைதானத்து வாசலுக்குப் போனப்ப எனக்குக் காலு எது, ரோடு எதுன்னு தெரியல.

வாசல்ல ஒரு வாலண்டியர், கன்னடக்காரப் பையன். சொந்த இஞ்சின்ல ஓடி உள்ள வரணும், அதுதான் ரூலுன்னான். மேஸ்திரி எறங்கினாரு. பானெட்டு மேல கன்னத்தை வச்சுக்கிட்டு என்னமோ சொன்னாரு. சுத்தினாரு. டொமார்னு ஒரு வேட்டு! போலீஸ் குதிரை ஒண்ணு எழுந்து நின்னுச்சு. வண்டி கிளம்பிச்சு. கரும்புகையை விட்டுக்கிட்டு, வாழைக்கன்னை ஆட்டிக்கிட்டு உள்ள போச்சு, நாப்பது அடி. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில போய், பெருமூச்சு விட்டு நின்னுடுச்சு.

"ஸ்வல்ப முந்தெ ஹோகி, கொஞ்சம் முன்னாடி போங்க! உங்க எடம் அங்க!"ன்னு வாலண்டியர் கத்தினான்.

"அவங்க இனிமே எழுந்திருக்க மாட்டாங்க"ன்னாரு மேஸ்திரி. "நீ வேணா அந்த எடத்தை இங்க கொண்டா."

அந்த மைதானம் பூரா நிழல் குடுக்கற மரம் அது ஒண்ணுதான். மத்த காரெல்லாம் வெட்டவெளியில பளபளன்னு வெந்துக்கிட்டிருந்துச்சு. ஓனருங்க கோட்டு போட்டுக்கிட்டுக் காரு பக்கத்துல விறைப்பா நின்னாங்க. நாற்காலி கெடையாது, தண்ணி கெடையாது. பத்தரை மணிக்கு ஒருத்தர் மைக்கைப் புடிச்சாரு. பதினொண்ணரைக்கும் அவரேதான் பேசிக்கிட்டிருந்தாரு. நான் நின்னுக்கிட்டே தூங்கக் கத்துக்கிட்டது அன்னிக்குத்தான்.

பன்னெண்டு மணிக்கு ஜட்ஜு வந்தாரு. ரிட்டயர்டு மேஜர். மீசை ரெண்டு பக்கமும் காவல் நிக்கும். வெள்ளைப் பேண்ட், கையில நோட்டு, பென்சில். ஒவ்வொரு காரா குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டு, மூஞ்சியெல்லாம் தக்காளி மாதிரி செவந்து எங்க மரத்தடிக்கு வந்தாரு. அப்பாடான்னு வண்டி மேல சாஞ்சாரு.

"மேஜர் சார்!"னு கத்தினேன். லேட்டு. பேண்ட்ல பாதி மாதா கோயில் கேட்டு.

அவரு பேண்டைப் பார்த்தாரு, விரலைப் பார்த்தாரு, வண்டியைப் பார்த்தாரு. "யாரு மேன் இது? பழைய தேக்கு மேல யாரு மேன் பெயிண்ட் அடிச்சது? இது பழைய வண்டிக்கான ஷோ மேன்! எந்தப் பழசு பழசாவே இருக்கோ அதுக்குத்தான் கப்பு!"

அப்பத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. ஒரு டின்னு பெயிண்ட்ல மேஸ்திரியோட வீட்டை நானே குஜிரிக்குத் தள்ளிவிட்டுட்டேன். அந்தோணி என் பின்னாடி ஒளிஞ்சான். நான் அந்தோணி பின்னாடி ஒளியப் பார்த்தேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டிருந்தோம்.

"நான்தான் அடிச்சேன்"ன்னாரு மேஸ்திரி.

"வொய்?"

"நான் குடியிருக்கற வீடு சார். நாலு பேரு பார்க்க வர்றாங்கன்னா உங்க வீட்டுக்கு நீங்க வெள்ளையடிக்க மாட்டீங்களா?"

மேஜர் கதவைத் தொறந்து உள்ள எட்டிப் பார்த்தாரு. ஸ்டவ், கொடியில வேட்டி, ஆணியில சின்ன கண்ணாடி, கட்டில்ல இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னல் வழியா மரத்துக் காத்து. "எழுதிக்கறேன்"னு சொல்லி நோட்டை எடுத்துக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தாரு. ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. எட்டிப் பார்த்தா, பென்சில் கையில, மீசை ரெண்டும் ஓய்வுல, மேஜர் குறட்டை.

மேஸ்திரி பூட்ஸைக் கழட்டிவிட்டு, கம்பளியைப் போத்திவிட்டாரு. அது என் கம்பளி. திரையை இழுத்துவிட்டுப் படியில உட்கார்ந்துக்கிட்டாரு. யாராவது கிட்ட வந்தா, "மெதுவா பேசுங்க, வீட்ல ஆளு தூங்குது."

ஒரு மணி நேரம் கண்காட்சியே நின்னுடுச்சு. ஜட்ஜைக் காணோம்னு மைக்குல கூப்பிட்டாங்க, தேடினாங்க. கடைசியில அவரே எழுந்து, மெத்தைக் கோடு பதிஞ்ச கன்னத்தோட, நீலப் பேண்டோட மேடைக்கு ஓடினாரு. கண்ணுல முதல்ல பட்ட காருக்குக் கப்பைக் குடுத்துட்டாருன்னு நினைக்கிறேன். எங்களுக்கு இல்ல. அது மட்டும் நிச்சயம்.

கைதட்டல் ஓயறப்ப டாக்டரம்மா வந்தாங்க. ராத்திரி பூரா பிரசவ வார்டுல நின்னுட்டு நேரா வர்றாங்க, கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. கப்பு வேற கைக்குப் போறதைப் பார்த்தாங்க. மேஸ்திரியைப் பார்த்தாங்க. மேஸ்திரி மரத்தைப் பார்த்தாரு.

"சரி மேஸ்திரி. என்ன பண்றது. பேசிக்கலாம்... கொஞ்சம் உட்காரலாமா உள்ள? அஞ்சு நிமிஷம், காலு நிக்கல"ன்னாங்க.

உள்ள போனாங்க. மூணாவது நிமிஷம் தூங்கிட்டாங்க.

மூணு மணிக்குக் காரெல்லாம் ஒண்ணொண்ணா கிளம்பிடுச்சு. வாலண்டியர் வந்து கேட்டை மூடணும்னான். நான் மேஸ்திரி காதுல சொன்னேன்: "எழுப்புங்க. இப்பவே கால்ல விழுந்து கேட்டுடுங்க. நாளைக்குக் குஜிரிக்காரன் வந்துட்டா அவ்வளவுதான்."

"நேத்துல இருந்து நின்ன பொம்பளையை எழுப்பி வீடு கேக்கறதா? போடா. தள்ளு."

"என்னது?"

"சத்தம் வராம தள்ளு. பள்ளம் வந்தா தாங்கிப் புடி."

உள்ள டாக்டரம்மாவைத் தூங்க வச்சுக்கிட்டு, வந்த வழியே திரும்பினோம். வர்றப்பவாவது திட்டிக்கிட்டே தள்ளினோம், இப்ப அதுக்கும் வழி இல்ல. இந்தத் தடவை மேஸ்திரியும் எறங்கி ஒரு கையால கதவு வழியா ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, தோளால தள்ளினாரு. வண்டியோட அவமானத்தை அப்புறம் பார்த்துக்கலாமாம். ஹாரன் அடிச்ச பஸ்காரனைப் பார்த்து அந்தோணி வாயில விரலை வச்சுக் காட்டினான். மேட்டுல எறங்கறப்ப வண்டி எங்களைத் தள்ளுச்சு. நான் முன்னாடி ஓடி, முதுகைக் குடுத்து, செருப்பு தேயத் தேய்ச்சுக்கிட்டே எறங்கினேன்.

பாதி வழியில தாங்க முடியாம கேட்டேன். "மேஸ்திரி, பழசாவே இருக்கணும்னு உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே."

நோட்டீஸ் என் கடைக் கதவுலயும் ஒட்டியிருந்துச்சு. நான் எழுத்து கத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான், அந்தோணிகிட்ட. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ள போனது ஒரே தடவை, ஹெட்மாஸ்டர் சைக்கிளுக்குக் காத்தடிக்க.

"தெரிஞ்சும் ஏன் மேஸ்திரி நேத்து ஒரு வார்த்தை திட்டல?"

"திட்டினா ராத்திரி பூரா தூங்காம அழுதுக்கிட்டுக் கெடப்பே. காலையில தள்ள ஆளு வேணாமாடா?"

தோளை இன்னும் அழுத்திக் குடுத்தேன். தள்ளினேன்.

காம்பவுண்டுக்குள்ள வந்து ஷெட்டுல நிறுத்தினப்ப வெயில் சாஞ்சிடுச்சு. மூணு பேரும் மண்ணுல மல்லாந்துட்டோம். கொஞ்ச நேரத்துல கதவு தொறந்துச்சு. டாக்டரம்மா முடியை ஒதுக்கிக்கிட்டு, புடவை ஓரத்துல நீலத்தோட வெளிய வந்தாங்க.

"எவ்வளவு நேரம் தூங்கினேன் மேஸ்திரி?"

"நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கும்மா."

"தூக்கத்துல வண்டி ஓடுற மாதிரியே இருந்துச்சு."

மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தாரு. "ஓடிச்சும்மா"ன்னாரு.

அவங்க எங்களைப் பார்த்தாங்க. அந்தோணி தோள்பட்டை, என் தேஞ்ச செருப்பு, மேஸ்திரி கை. டாக்டராச்சே, பார்த்தாலே தெரிஞ்சிடும். என்னைக் காட்டி, "இவனுக்கு உயிரு இருக்கா பாருங்க"ன்னாங்க. அப்புறம் படியில உட்கார்ந்து, ரொம்ப நேரம் ஷெட்டு, காம்பவுண்டு, கெணறுன்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"ரூமைக் கெணத்துப் பக்கம் கட்டிக்கலாம்"னாங்க.

அந்தோணி எழுந்து உட்கார்ந்தான்.

"குஜிரிக்காரரை வர வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அந்தக் கட்டில் எனக்கு. வீட்ல படுத்தா யாராவது வந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. அந்த நேரத்துல நீங்க இருக்கக் கூடாது."

தடால்னு கால்ல விழுவாருன்னு பார்த்தா, மனுஷன் யோசிக்கிறாரு! நான் அந்தோணி தொடையைக் கிள்ளினேன். மேஸ்திரி தாடையைச் சொறிஞ்சாரு. "செருப்பை வெளிய விட்டுட்டுப் போகணும்மா"ன்னாரு.

"விட்டுடறேன்."

அவங்க போன பிறகு மேஸ்திரி வண்டிக்கு முன்னாடி போய் நின்னு, பானெட்டு மேல ரெண்டு கையையும் வச்சு என்னமோ சொன்னாரு. அழுதாருன்னு அந்தோணி சொல்றான். பெயிண்ட் நெடியா இருக்கும்னு நான் சொல்றேன். எனக்கும் அந்த நெடி கண்ணுல ஏறிடுச்சு.

திங்கக்கிழமை காலையில குஜிரிக்காரர் நாலு ஆளு, ரெண்டு சம்மட்டியோட வந்து நின்னுட்டாரு. வர வேணாம்னு சேதி சொல்லப் போக வேண்டியவன் நான். தூங்கிட்டேன். மேஸ்திரி கதவைத் தொறந்து, படியில நின்னு, அந்த ஆளை ஏற எறங்கப் பார்த்து என்ன சொன்னாருன்னா...

"டேய் ட்யூபு! எவ்வளவு நேரண்டா பேப்பரைக் கிறுக்குவே? டீ ஆறுது, வாடா!"

மன்னிச்சுக்கங்க, கடை வாசல்ல இருந்து மேஸ்திரி கூப்பிடறாரு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மணி ரெண்டாச்சு. டாக்டரம்மா படுத்துட்டாங்க போல. இனிமே நாலு மணி வரைக்கும் மேஸ்திரிக்கு வீடு கெடையாது, என் கடை வாசல்தான். இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எவன் வந்தாலும் நான் பஞ்சர் பார்க்கறதில்ல. ஏன்டான்னு மேஸ்திரி இதுவரைக்கும் கேட்டதில்ல.

வர்றேன் மேஸ்திரி.